பாவித்த காரின் மீற்றரில் லைற் எரிகிறது: வாங்குவதா, விடுவதா?

"அது சும்மா சென்சர் பிழ தம்பி. ஸ்கேன் போட்டா போயிரும்."

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாவித்த கார் பார்க்கப் போனவர்களில் விற்பவர் வாயால் இதைக் கேட்காமல் திரும்பியவர் குறைவு. இப்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்பேன்: "அப்ப போட்டு எடுத்துட்டே வித்திருக்கலாமே அண்ணன்? இன்னும் ரெண்டு லட்சம் கூடக் கேட்டிருக்கலாமே?" பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

லைற் எரிகிற வண்டியைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. நான் இதுவரை வாங்கிய மூன்று வண்டிகளில் இரண்டு லைற் எரிவதைப் பார்த்துவிட்டே வாங்கியவை. இரண்டும் உழைத்துத் தந்தன. மீற்றர் பளிச்சென்று, ஒரு லைற்றும் இல்லாமல் வந்த மூன்றாவதுதான் என்னைப் படுத்தியது. எரிகிற லைற்றுக்குக் கணக்குப் போட்டு விலையைக் குறைக்கலாம். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத லைற்றுக்கு யாராலும் விலை போட முடியாது. இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி அந்த எரியாத லைற்றைப் பிடிப்பதைப் பற்றித்தான்.

இந்தத் தொல்லை இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஐந்து வருடம் இருந்த வண்டிகளையே நமக்குள் விற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரே டொயோட்டா அக்குவா நாலு கை மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் லைற்றை ஒருதரம் அணைத்துவிட்டு அடுத்த கையிடம் கொடுத்திருக்கும்.

போவதற்கு முன்: போனிலேயே பாதி வேலை

விலை கேட்பதற்கு முன் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, சாவியை ஒன் பண்ணி எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாமல் எடுத்த மீற்றர் படம். மற்றது, எஞ்சின் ஓடும்போது எடுத்தது. "லைற் ஏதும் எரியுதா?" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் பெற்றோல் எரித்துப் போக வேண்டாம்.

நேரம் குறிக்கும்போது விடியவே போகக் கேளுங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்றும் சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பொனற்றில் உள்ளங்கையை வையுங்கள். சுட்டால் யாரோ முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் பல நோய்கள் வெளியே வரும்.

சாவியை ஒன் பண்ணி ஆறு வரை எண்ணுங்கள்

இந்தப் படி ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் பரவாயில்லை என்பேன்.

சாவி வண்டி என்றால் ஒன் வரை திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் நிறுத்துங்கள். புஷ் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு தரம் அமர்த்துங்கள். மீற்றரில் எல்லா எச்சரிக்கை லைற்றும் ஒருமுறை எரிய வேண்டும். பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று வண்டி தன்னைத் தானே சோதிக்கிற நேரம் அது. எஞ்சின் லைற், பழைய வகைகளில் ஒயில் லைற், பற்றரி லைற் மூன்றும் எஞ்சின் ஓடத் தொடங்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஏ.பி.எஸ்., எயார்பேக் லைற்றுகள் சில விநாடி எரிந்து, எஞ்சின் ஓடாவிட்டாலும் தாமாக அணையும். எயார்பேக் லைற்றுக்கு ஏறக்குறைய ஆறு விநாடி.

என் மூன்றாவது வண்டி ஒரு பழைய விட்ஸ். வாங்கி ஏழெட்டு மாதம் கழித்து ஹோர்ன் வேலை செய்யவில்லை என்று காத்தான்குடியில் தெரிந்த ஒரு மெக்கானிக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டுபோனேன். அவர் ஸ்டியரிங் நடுமூடியைக் கழற்றியவர், அப்படியே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எயார்பேக் இருக்க வேண்டிய இடம் வெறும் கூடு. "லைற் எரியல்லயே காக்கா?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியை ஒன் பண்ணிவிட்டு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஆறு தாண்டி, பத்து தாண்டி, இருபதுக்குப் போயும் எயார்பேக் லைற் எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டார்ட் பண்ணினார். ஒயில் லைற்றும் எயார்பேக் லைற்றும் ஒரே நொடியில், கைகோத்த மாதிரி அணைந்தன. மீற்றரைக் கழற்றினால் பின்னால் கறுப்பு ரேப் சுற்றிய ஒரு துண்டு வயர். இரண்டு லைற்றையும் ஒன்றாகக் கோத்துவிட்டிருந்தார்கள். எட்டு மாதம் தினமும் அந்த லைற் இரண்டும் சேர்ந்து அணைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணிப் பார்க்கத் தெரியாமல் போனது.

ஆகவே மூன்று விதமான பித்தலாட்டம் உண்டு. லைற் முதலிலேயே எரியாது: பல்ப்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது மறைத்து ஒட்டியிருக்கிறார்கள். வேறொரு லைற்றோடு சேர்ந்து அணைகிறது: கோத்துவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது கெட்டிக்காரத்தனமானது. எயார்பேக் வயர்கள் இரண்டுக்கும் நடுவில் நெல்மணி அளவு ஒரு ரெசிஸ்டரைப் பொருத்தினால் கம்பியூட்டர் எயார்பேக் இருப்பதாகவே நம்பிவிடும், ஸ்கேனிலும் பிழை காட்டாது. இதைப் பிடிக்கக் கண்தான் வேண்டும். ஸ்டியரிங் மூடியிலும் இடது பக்க டாஷ்போர்ட்டிலும் எழுத்து அழிந்து, பெயின்ற் வேறுபட்டு, விளிம்பில் பசை தெரிந்தால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் காசைப் பற்றிக் கதைக்காதீர்கள்.

இந்தப் பித்தலாட்டங்களில் ஒன்றைக் கண்டாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். லைற்றை மறைத்தவர் வேறு எதை மறைத்தார் என்று தேடிக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.

ஸ்டார்ட் பண்ணிய பிறகு எது மிஞ்சுகிறது?

சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கெதியில் பார், பச்சையும் நீலமும் தகவல். இதில் நம் ஊர் வண்டிகளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது: நீல வெப்ப லைற். அல்ற்றோ, வாகன் ஆர் போன்றவற்றில் சூட்டு முள் கிடையாது. எஞ்சின் குளிராக இருந்தால் நீல லைற், அதிகம் சூடானால் சிவப்பு, அவ்வளவுதான். மட்டக்களப்பு வெயிலில் நீலம் சில நிமிடத்தில் அணைந்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஓடியும் நீலமாகவே இருந்தால் தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடி இறுகியிருக்கும், அல்லது கழற்றி வீசப்பட்டிருக்கும். வண்டி சூடாகிறது என்று போனால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். அப்படியென்றால் இந்த வண்டி ஒரு காலத்தில் சூடாகியிருக்கிறது. ஏன் சூடானது, ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பு) தப்பியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஜப்பானிய எழுத்தில் ஏதும் வந்தால் போன் கமெராவை மொழிபெயர்ப்புச் செயலியில் பிடியுங்கள், ஓரளவு புரியும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் கவலையோடு ஏதோ சொன்னால் கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணக் கார்ட் செருகவில்லை என்கிற முறைப்பாடு. கரடியனாறு வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவாள்.

ஸ்கேன் போடுங்கள், ஆனால் அழிக்க விடாதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே வண்டியின் கம்பியூட்டரை வாசிப்பதற்கான, பதினாறு ஊசி உள்ள ஓ.பி.டி. செருகி இருக்கும். இ.எல்.எம். 327 என்கிற சிறிய புளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் எஞ்சின் பிழைகளை வாசிக்கப் போதும். ஏ.பி.எஸ்., எயார்பேக், ஹைபிரிட் பகுதிகளை வாசிக்கக் கராஜில் இருக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும். அதிலும் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வண்டிகளில் மலிவுக் கருவி பாதியைத்தான் காட்டும். ஸ்கேன் போடும் இடத்தை விற்பவர் அல்ல, நீங்கள் தெரிவு செய்யுங்கள்.

கோட் (பிழையைக் குறிக்கும் இலக்கம்) வந்ததும் படம் எடுங்கள். நடப்புக் கோட், நிலுவைக் கோட் (இன்னும் உறுதியாகாத பிழை) இரண்டையும் எடுங்கள். பிழை விழுந்த நேரத்தில் என்ன வேகம், என்ன சூடு என்று பதிந்திருக்கும் தகவலையும் எடுங்கள். படம் எடுக்கும்வரை யாரும் அழிப்புப் பொத்தானில் கை வைக்கக் கூடாது.

கோட் எதுவும் வராவிட்டால்தான் கூடுதல் கவனம் வேண்டும். செயலியில் "அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஓர் எண் இருக்கும். நேற்றுவரை தினமும் ஓடிய வண்டியில் அது 4 கிலோமீற்றர் என்று காட்டினால், உங்களுக்காகத்தான் அழித்திருக்கிறார்கள். அதோடு "தயார் நிலை" என்ற பட்டியலையும் பாருங்கள். கம்பியூட்டர் தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று அது சொல்லும். கட்டலிட்டிக் கொன்வேட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பகுதி), ஒக்சிஜன் சென்சர் வரிசைகள் "முடியவில்லை" என்றிருந்தால் அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது. பற்றரி கழற்றியதற்கு வேறு சாட்சிகளும் உண்டு: மணிக்கூடு பிழையாகக் காட்டும், ட்ரிப் மீற்றர் சைபர், ஜப்பானிய ரேடியோ செற் லொக் ஆகிக் கோட் கேட்கும்.

அப்படியிருந்தால் விற்பவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். "இன்னும் ரெண்டு மூண்டு நாள் ஓட்டுங்க அண்ணன், நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எந்த லைற்றுக்கு எவ்வளவு பயப்படுவது

ஒயில் அழுத்தத்தின் சிவப்பு லைற், சூடான எஞ்சின் சும்மா ஓடும்போது மினுமினுத்தால் விட்டுவிடுங்கள். ஒயில் குறைவாக இருந்தாலே எரியும்தான், ஆனால் ஊற்றிய பிறகும் எரிந்தால் எஞ்சினுக்குள் தேய்மானம். தண்ணி போன்ற 0-20 ஒயில் கேட்கும் எஞ்சினில் தேன் போல 20-50 ஊற்றி இதை மறைப்பார்கள். குச்சியை எடுத்து விரலில் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

பற்றரி லைற் சிறிய விஷயமாக இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை பொதுவாக இருக்க வேண்டும். பிரேக் லைற் என்றால் முதலில் ஹான்ட் பிரேக்கையும் பிரேக் ஒயிலையும் பாருங்கள். வாகன் ஆரில் வண்டி நின்றால் எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதியின் செம்மஞ்சள் லைற் மினுங்கினால், அதற்குரிய பற்றரிக்குப் பதில் சாதா பற்றரி போட்டிருக்கவும் கூடும்.

மஞ்சள் எஞ்சின் லைற் நிலையாக எரிந்தால் நூறு காரணம் இருக்கலாம். அது மினுங்கினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக், கொயில் என்றால் தாங்கலாம். ஆனால் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் எரியாத பெற்றோல் போய்க் கட்டலிட்டிக் கொன்வேட்டரையும் கெடுத்திருக்கும். பி 0420 என்ற கோட் வந்தால் வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். கொன்வேட்டரைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை ஒட்டியிருப்பதும் நடக்கிறது. "புகைப் பரிசோதனை பாஸ்" என்று காட்டும் கடதாசி இந்த லைற்றுக்குப் பதில் ஆகாது.

ஏ.பி.எஸ். லைற் மட்டும் என்றால் சில்லுச் சென்சராக இருக்கலாம், மலிவு. ஆனால் அக்குவா, பிரியஸ் வண்டிகளில் ஏ.பி.எஸ்., பிரேக் இரண்டும் சேர்ந்து எரிந்தால், அல்லது பிரேக்கைத் தொடாமலேயே பம்ப் சில விநாடிக்கு ஒருதரம் "ர்ர்ர்" என்று ஓடினால், அது பிரேக் அக்சுவேட்டர் (பிரேக் அழுத்தத்தைத் தரும் பகுதி). பெரிய செலவு, உயிர் விஷயமும்கூட. ஹொண்டா பிற், வெசல் ஹைபிரிட்களில் கியர் எச்சரிக்கை வந்தாலும் அதே அளவு யோசிக்க வேண்டும். 2013இல் வந்த அந்த பிற் ஹைபிரிட்டை ஒரு வருடத்துக்குள்ளேயே உற்பத்தியாளர் பலதரம் திருப்பியழைத்தார்கள்.

எயார்பேக் பற்றி இன்னும் ஒன்று. டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயார்பேக்குகளின் குறைபாட்டுக்கு எந்த லைற்றும் எரியாது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் அதற்குள் இருக்கும் வெடிமருந்து கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டு பறக்கும். நம்முடையது வெப்பமும் ஈரமும் தவிர வேறில்லாத ஊர். சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் டொயோட்டா, ஹொண்டா நிறுவனங்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் திருப்பியழைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இன்றைக்கு ஒரு லைற், நாளைக்கு இன்னொன்று

சம்பந்தமில்லாத பல லைற்றுகள் வந்து வந்து போனால், ஸ்டியரிங் லைற் ஒரு நாள், எயார்பேக் ஒரு நாள், ஏ.பி.எஸ். ஒரு நாள் என்று மாறினால், கோட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள்.

2011 ஜனவரி வெள்ளம் இங்கே யாருக்கும் மறக்காது. 2024 நவம்பரில் அம்பாறைப் பக்கம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நாடு முழுக்க. கொழும்பில் தண்ணீரில் நின்ற வண்டி கழுவித் துடைத்து மட்டக்களப்புக்கு வரும், இங்கே நின்றது அங்கே போகும். வாவித் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்தது.

முன் இருக்கைகளுக்குக் கீழே மஞ்சள் நிறப் பிளக் இருக்கும், அது எயார்பேக்குக்கும் பெல்ற்றுக்கும் போவது. போன் லைற்றைப் பிடித்துப் பாருங்கள். வயர் நுழையும் பக்கம் பச்சைப் பாசி போல் படிந்திருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்காதீர்கள், பார்ப்பது மட்டும். வாகன் ஆர் ஹைபிரிட் என்றால் லித்தியம் பற்றரி இடது முன் இருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெல்ற்றைக் கடைசிவரை இழுங்கள். மேல்பகுதியைக் கழுவுவார்கள், சுருளுக்குள் கிடக்கும் கடைசி ஒரு முழத்தைக் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்றுக் கறைக்கோடு தெரியும். இருக்கை போல்ற்றின் துரு, மிதியடிக்குக் கீழ் மணல், மேலதிக ரயர் குழியில் வண்டல், எல்லாவற்றையும் மூடப் போட்ட தடித்த வாசனைத் திரவியம்.

வெள்ள வண்டிக்கு விலை குறைத்தும் வாங்காதீர்கள். கடற்கரை ஊர்களில் வெள்ளமே படாமல் உப்புக்காற்றில் ஏர்த் வயர் மட்டும் அரித்தாலும் இப்படி லைற்றுகள் மாறி எரியும் என்பது உண்மை. அது சின்ன வேலை. பெல்ற்றும் பிளக்கும் சுத்தமாக இருந்தால் அந்தப் பக்கம் நினைக்கலாம்.

ஹைபிரிட்: தட்டை நிலம் ஏமாற்றும்

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் ஓடிப் பார்த்து ஹைபிரிட் வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஏற்றமே இல்லை. கல்லடிப் பாலம்தான் நமக்கு மலை. பற்றரி தளர்ந்த அக்குவா கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். கண்டி ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு மஹியங்கனை பதினெட்டு வளைவில் ஏறும்போதுதான் எச்சரிக்கை லைற் வரும்.

ஆகவே சுமையை நாமே உண்டாக்க வேண்டும். நாலு பேர் ஏறுங்கள், ஏ.சி.யை முழுதாகப் போடுங்கள். செங்கலடி தாண்டிப் பதுளை வீதியில் கரடியனாறு, புல்லுமலைப் பக்கம் போங்கள், வாகனம் குறைவு. 20இல் இருந்து 60க்கு அழுத்தி ஏறி, பிரேக் பிடித்து இறக்கி, ஆறேழு தரம் செய்யுங்கள். பற்றரிக் கட்டங்கள் ஆறிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று விழுந்து, உடனே நிரம்பினால் பற்றரிக்குக் கொள்ளளவு போய்விட்டது. பின் இருக்கைப் பக்கம் விசிறி ஓயாமல் இரைந்தாலும் அதே சந்தேகம், முதலில் விசிறி வலையில் அடைத்த தூசியைப் பாருங்கள். இருட்ட முதல் திரும்பிவிடுங்கள், அந்தப் பாதையில் யானை வரும்.

ஓடும்போதே ஒருவர் ஸ்கேனரில் பற்றரித் தொகுதிகளின் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மொடியூல்கள், இரண்டிரண்டாகப் 14 தொகுதி. அக்குவாவில் 20 மொடியூல்கள். சுமையில் கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் யோசியுங்கள். ஒரு வோல்ட்டைத் தொட்டால், ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பி 0ஏ80 கோட் வாசலில் நிற்கிறது.

"செல் மாத்தியாச்சு" என்பார்கள். எத்தனை, எப்போது என்று கேளுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மாற்றியிருந்தால் புதியவையும் களைத்தவையும் ஒன்றாக இழுக்க முடியாமல் சில மாதத்தில் அடுத்தது போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு முழுப் பற்றரியின் விலையைக் கழித்தே பேச வேண்டும்.

விலை பேசும் கணக்கு

ஓடி முடித்ததும் மறுபடியும் ஒருதரம் ஸ்கேன் போடுங்கள். புதிதாக நிலுவைக் கோட் ஏறியிருந்தால் அது இந்த ஓட்டத்தின் சாட்சி.

பிறகு அந்தப் பிழைக்கு விற்பவரைச் சேராத இரண்டு கராஜில் விலை கேளுங்கள். மலிவான காரணத்துக்கு ஒரு விலை, மோசமான காரணத்துக்கு ஒரு விலை. கழிக்க வேண்டியது மோசமான விலையை. கணக்குக்காகச் சொல்கிறேன்: அதே ஆண்டு, அதே வகை, லைற் இல்லாத வண்டி 60 இலட்சம் போகிறது, மோசமான காரணத்துக்குத் திருத்தச் செலவு 4 இலட்சம் என்றால், உங்கள் உச்ச விலை 56 அல்ல. கராஜில் நிற்கும் நாட்கள், கூடவே வெளிவரும் இன்னொரு பழுது எல்லாம் உங்கள் தலையில்தானே. நான் 55க்கு மேல் போக மாட்டேன்.

விற்பவர் "சென்சர்தான்" என்று நின்றால் வாதாடாமல் ஒரு வழி சொல்லுங்கள்: "அப்ப நீங்களே மாத்தித் தாங்க. லைற் நூந்து நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு, நீங்க கேட்ட விலைய நான் தாறன்." சென்சர் என்று உண்மையாகவே நம்புகிறவர் ஒப்புக்கொள்வார். ஒரு முறை ஏறாவூரில் ஒருவர் ஒப்புக்கொண்டு மாற்றியும் தந்தார். அதுதான் என் இரண்டாவது வண்டி, இன்றைக்கும் வீட்டில் நிற்கிறது.

முற்பணம் கொடுக்கும்போது துண்டில் வெறும் தொகையை மட்டும் எழுதாதீர்கள். எந்த லைற் எரிந்தது, என்ன கோட் வந்தது, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், யார் எதைத் திருத்துவது என்றும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வண்டிப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன் பேப்பரில் (பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தில்) வந்த வண்டி என்றால் லைற்றை மறைத்தவரைத் தேடிப் பிடிக்கவே முடியாது.

முற்பணத்துக்கும் கையளிப்புக்கும் நடுவில் நாலைந்து நாள் போகும். அதற்குள் நல்ல பற்றரியும் ரயரும் வேறு வண்டிக்குப் போய், கழிந்தவை இதற்கு வந்துவிடுவதுண்டு. பார்த்த அன்றைக்கே பற்றரியின் பெயரையும் இலக்கத்தையும், நாலு ரயரிலும் உள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நாலு இலக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வண்டி எடுக்கப் போகும் காலையில் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மிச்சக் காசை எண்ணுங்கள்.